"அண்ணா, இது எதுக்கு?"

போன செமஸ்டர் எங்க கிளப்ல இருந்து நாலு பேர் ஒரு அரசுப் பள்ளிக்குப் போனோம், ஒன்பதாம் வகுப்புக்கு ஒர்க்‌ஷாப் எடுக்க. பை நிறைய ஆர்டுயினோ போர்டு, ஜம்பர் வயர். ஒன்றரை மணி நேரத்துல எல்லா டேபிள்லயும் எல்.இ.டி. மின்னியது. செம்ம சக்சஸ்னு ஸ்டேட்டஸ் கூட போட்டாச்சு. கிளம்பும்போது ஒரு பொண்ணு கேட்டா: "அண்ணா, இது எதுக்கு?"

பதில் இல்லை. ஃபர்ஸ்ட் இயர்ல நாங்களும் அதே கோடைக் காப்பி அடிச்சவங்கதானே!

இங்கிலாந்தில் 'டிசைன் அண்ட் டெக்னாலஜி' 1990-லேயே தேசியப் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ.யில் இந்தப் பாடத்துக்குப் பாதி மதிப்பெண் எழுத்துத் தேர்வு, மீதிப் பாதி மாணவர் தானே செய்யும் ப்ராஜெக்ட். தேர்வு வாரியம் ஒரு பரந்த சூழலை மட்டும்தான் தரும். யாருக்கு என்ன தேவை என்று மாணவரே விசாரித்து, 'டிசைன் பிரீஃப்' எழுதி, வரைந்து, மாதிரி செய்து, சோதிக்க வேண்டும். எங்கே சொதப்பியது, எப்படி மாற்றலாம் என்று எழுதுவதற்கும் மார்க் உண்டு. நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூல இதைச் சொல்லிப் பாருங்க!

இங்கேயும் 2016-ல் அடல் டிங்கரிங் லேப் திட்டம் வந்தது. 6 முதல் 12 வரை படிப்பவர்களுக்கு; தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 3டி பிரிண்டரே வாங்கலாம். ஆனால் அந்தப் பொண்ணு கேட்ட கேள்வியை பிரிண்டர் கேட்காது.

ரெண்டாவது தடவை போர்டு எதுவும் எடுத்துட்டுப் போகலை. "ஸ்கூல்ல தினமும் கடுப்பேத்துற விஷயம் என்ன?"ன்னு மட்டும் கேட்டோம். தண்ணி டேங்க் நிரம்பி வழியுதுன்னாங்க. உடனே ஒரு பையன், "எல்.இ.டி. வச்சிடலாம்ணா!" முதல்ல மோட்டார் போடுற ஆயாம்மாகிட்ட கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பினோம். அவங்க சொன்னது: "நான் பின்பக்கம் பெருக்கிட்டு இருப்பேன், லைட்டை யாரு பாக்குறது? சத்தம் கேக்கணும்."

எல்.இ.டி. அங்கேயே காலி. தெர்மோகோல் மிதவை, அதில் செருகிய சைக்கிள் ஸ்போக், 9 வோல்ட் பேட்டரி, பஸ்ஸர். தண்ணி ஏறினா ஸ்போக் மேலே போய் ரெண்டு வயரையும் சேர்க்கும், பஸ்ஸர் கத்தும். பக்கெட்டில் சோதித்தபோது மிதவை சாய்ந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு துண்டு பி.வி.சி. குழாய்க்குள் விட்டதும் நேராக ஏறியது. டேங்க் மேல பசங்களை ஏத்தலை, பிளம்பர் அண்ணாதான் மாட்டினார். ஆர்டுயினோ தேவையே படலை. எங்களுக்குக் கொஞ்சம் அவமானம்தான்.

கிளம்பும்போது அதே பொண்ணு: "அண்ணா, பேட்டரி தீர்ந்துட்டா ஆயாம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த விசிட் அதுக்குத்தான்.