சட்டைக் காலரில் ஒரு கணக்கு

கடையில் சட்டை வாங்கும்போது துணியைத் தடவிப் பார்க்கிறோம். சாயம் போகுமா என்று கேட்கிறோம். விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறோம். காலருக்குள் தைத்திருக்கும் சின்னத் துண்டை மட்டும் பார்ப்பதில்லை. அடுத்த முறை பாருங்கள். 'வங்கதேசத்தில் தயாரானது' என்று இருந்தாலும் இருக்கும்.

பருத்தி விளைவது நம் நாட்டில். நூல் நூற்பதும் இங்கேதான். அந்த நூலையும் நம்மிடம் வாங்கிக்கொண்டு, ஆயத்த ஆடை ஏற்றுமதியில் பல ஆண்டுகளாக நம்மைப்போல் இரு மடங்குக்கு மேல் விற்று வந்திருக்கிறது பக்கத்து நாடு. "அங்கே கூலி மலிவு" என்பார்கள். வாஸ்தவம்தான், ஆனால் பாதி வாஸ்தவம்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒருத்திக்கு நாள் கூலி 300 ரூபாய்; பங்குக்குப் பத்துச் சட்டை முடிகிறது. இன்னொருத்திக்கு 500, இருபது முடிகிறது. முன்னதில் சட்டைக்குக் கூலி 30 ரூபாய், பின்னதில் 25. கூலி அதிகமான இடத்தில்தான் சட்டை மலிவு!

இரண்டாமவள் கை வேகம் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் யாரும் முழுச் சட்டை தைப்பதில்லை. ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி பொத்தான் துளை என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு மெஷினில் வேலை தேங்கினால் அப்பால் உள்ளவை எல்லாம் சும்மா நிற்கும். கூலி மட்டும் ஓடும். வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த மேஸ்திரி, நேரத்துக்கு வந்து சேரும் துணி, ஒரே மாதிரிச் சட்டைக்குப் பெரிய ஆர்டர்: இவை சேர்ந்தால்தான் பத்து இருபதாகும்.

வங்கதேசம் இதைப் போய்க் கற்றுக்கொண்டது. 1979-ல் தேஷ் கார்மெண்ட்ஸ் என்ற கம்பெனி சுமார் 130 பேரைத் தென் கொரியாவின் டேவூ நிறுவனத்துக்கு அனுப்பியது. திரும்பியவர்களில் பலர் பிரிந்து போய்ச் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார்கள். நாமோ ஆடைத் தயாரிப்பைச் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தோம். 2000-க்குப் பிறகே தளர்த்தினோம். போதாததற்கு, 2001 முதல் ஏழை நாடு என்ற சலுகையில் அவர்கள் சட்டை ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போயிற்று. நம் சட்டைக்கு வரி உண்டு.

சரி, அந்த மலிவுக் கூலி? 2013 ஏப்ரல் 23 அன்று, டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்ற கட்டடத்தில் விரிசல் கண்டது. கீழே இருந்த பாங்கியை மூடிவிட்டார்கள். மாடியில் தைக்கிறவர்களையோ மறுநாள் காலை வற்புறுத்தி உள்ளே அனுப்பினார்கள். கட்டடம் இடிந்து 1,100-க்கும் அதிகமானோர் மாண்டார்கள், பெரும்பாலோர் பெண்கள். அப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 3,000 டக்கா. 40 டாலர்கூடத் தேறாது.

ஆண்டு முடிவில் அதை 5,300 ஆக்கினார்கள். ஏற்றுமதி படுத்துவிடவில்லை, அடுத்த ஐந்து ஆண்டுகளில் வளரவே செய்தது. 2018-ல் 8,000. 2023-ல் 23,000 கேட்டுத் தெருவில் இறங்கினார்கள் தொழிலாளர்கள். கிடைத்தது 12,500.