மூட்டைக் காக்கும் மரபணு

எலும்போடு எலும்பு உராயாமல் காப்பது குருத்தெலும்பு. வழவழப்பான இத்திசுவில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால் ஒருமுறை அரிக்கப்பட்டால் அது பழைய நிலைக்கு மீள்வதில்லை. முடக்குவாதம் அழிப்பது இதனைத்தான். பெரும்பாலும் கைவிரல்களின் சிறு மூட்டுகளில் தொடங்கும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களை இரண்டு, மூன்று மடங்கு மிகுதியாகப் பீடிக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தின் காலணித் தொழிற்சாலைகளில் கைத்திறனை நம்பி வாழும் பெண்கள் பலர். அவர்களுக்கு விரல் மூட்டின் இழப்பு வாழ்வாதாரத்தின் இழப்பாகும்.

இவ்வழிவு நேர்வது எவ்வாறு? உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், மூட்டின் உள்ளுறையையே பகையாகக் கருதித் தாக்குகிறது. வீங்கிய உறையில் இன்டர்லூக்கின்-1 போன்ற புரதங்கள் பெருகுகின்றன. அவற்றின் தூண்டுதலால் சுரக்கும் நொதிகள் குருத்தெலும்பைச் சிதைக்கின்றன. இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் புரதமொன்றும் நம் உடலிலேயே உண்டு. ஆயினும் நோயுற்ற மூட்டில் அது போதிய அளவில் இருப்பதில்லை. ஊசி வழியே மூட்டில் செலுத்தினாலும் விரைவில் வெளியேறிவிடும். அப்புரதத்தை ஆக்கும் மரபணுவையே மூட்டுறைச் செல்களில் சேர்த்துவிட்டால், மூட்டு தனக்குரிய மருந்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் என்பதே மரபணுச் சிகிச்சையின் அடிப்படை.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் எவன்ஸ், பால் ராபின்ஸ் ஆகியோரின் குழு 1996இல் இதனை முதன்முதலாக மனிதரிடம் சோதித்தது. ஒன்பது பெண்களின் மூட்டுறைச் செல்களை எடுத்து, மரபணுவைச் சேர்த்து, விரல் மூட்டுகளில் செலுத்தினர். ஒரு வாரம் கழித்து, முன்பே திட்டமிட்டிருந்த அறுவையில் அம்மூட்டுகள் அகற்றப்பட்டபோது, மரபணு செயற்பட்டிருந்தமை தெரிந்தது. எனினும் முடக்குவாதம் பல மூட்டுகளை ஒருசேரத் தாக்குவது. ஒவ்வொன்றிலும் ஊசியிடுதல் எளிதன்று. இன்றளவும் இந்நோய்க்கென ஒப்புதல் பெற்ற மரபணுச் சிகிச்சை இல்லை.

மூட்டை அழிக்கும் மற்றொரு நோயில், இச்சிகிச்சை வேலூரிலேயே பலன் தந்துள்ளது. இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயில், மூட்டுக்குள் மீண்டும் மீண்டும் கசியும் இரத்தம் குருத்தெலும்பை அழிக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், கடுமையான ஹீமோபிலியா ஏ உடைய ஐவரின் குருதி மூலச் செல்களில், உறைதலுக்கான எட்டாம் காரணியின் மரபணுவைச் சேர்த்து உடலில் திரும்பச் செலுத்தினர். 2024 டிசம்பரில் வெளியான முடிவுகளின்படி, அச்செல்கள் உடலில் நிலைகொண்டபின் ஐவருக்கும் இரத்தக்கசிவு நேரவில்லை. இங்கே குறைவது ஒரே புரதம்; முடக்குவாதத்திலோ எதிர்ப்பாற்றலே தடம் மாறியிருக்கிறது. ஆகவே அதன் தீர்வு கடினமானது.

இச்சிகிச்சைகள் உடற்செல்களிலேயே நிகழ்பவை. சந்ததிக்கு மரபணு மாற்றத்தைக் கடத்தும் நோக்கம் இவற்றுக்கு இல்லை. படைப்பை மாற்றுவதாகுமோ என ஐயுறுவோர் இவ்வேறுபாட்டை முதலில் கருதுதல் வேண்டும்.

இன்று குருத்தெலும்பைக் காப்பது காலத்தே தொடங்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளே. காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்திற்கும் மேல் விறைத்திருந்து, வீக்கமும் வாரக்கணக்கில் நீடித்தால், வலி மாத்திரையோடு நாள் கடத்தலாகாது. அரிக்கப்பட்டதை மீட்கும் வழி இன்னும் கைகூடவில்லை. எஞ்சியிருப்பதைக் காக்கும் வழி இருக்கிறது.