நான்கு ஆபரேஷன், 2,184 நாள், மீண்டும் உலக சாம்பியன்!

ஜப்பான் நாட்டில் உள்ள மொடேகி பந்தய மைதானம். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. மோட்டார் சைக்கிள் பந்தயம் அப்போதுதான் முடிந்திருந்தது. இரண்டாவதாக வந்த சிவப்பு வண்டியின் வீரர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் விம்மி விம்மி அழுதார்.

தோற்ற துக்கமா? இல்லை. அன்றைய பந்தயத்தில் இரண்டாம் இடம்தான். ஆனால் அந்த இரண்டாம் இடமே அவரை உலக சாம்பியன் ஆக்கிவிட்டது. அந்த ஆனந்தக் கண்ணீருக்குப் பின்னால் ஆறு ஆண்டு வேதனை இருந்தது.

அவர் பெயர் மார்க் மார்க்வெஸ். ஸ்பெயின் நாட்டுக்காரர். கட்டலோனியா பகுதியில் செர்வேரா என்ற சிறிய ஊரில் 1993-ம் ஆண்டு பிறந்தவர். முந்தைய உலகப் பட்டத்தை அவர் வென்றது 2019-ம் ஆண்டு அக்டோபர் 6-ந்தேதி, தாய்லாந்தில். அந்த நாளுக்கும் இந்த நாளுக்கும் நடுவே 2,184 நாட்கள்!

இளம் புயல்

மார்க்வெஸ் பந்தய உலகில் ஏறி வந்த வேகம் அசாதாரணமானது. 2010-ல் 125 சி.சி. பிரிவில் உலக சாம்பியன். 2012-ல் அதற்கு அடுத்த பிரிவான மோட்டோ-2-ல் சாம்பியன். 2013-ல் மிக உயர்ந்த பிரிவான மோட்டோ ஜி.பி.யில் ஹோண்டா வண்டியோடு காலெடுத்து வைத்தார். முதல் ஆண்டிலேயே பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். அப்போது வயது 20. அந்தப் பிரிவில் அவ்வளவு இளம் வயதில் சாம்பியன் ஆனவர் வேறு யாரும் இல்லை.

2014-ல் முதல் பத்துப் பந்தயங்களையும் தொடர்ந்து வென்றார். 2016, 2017, 2018, 2019 என்று பட்டங்கள் வரிசையாக வந்தன. 2019-ல் மட்டும் 12 வெற்றிகள். ‘இவரை வெல்ல ஆளே இல்லை’ என்ற பேச்சு எழுந்தது.

வண்டியைச் சாய்ப்பதில் அவர் தனி ரகம். வளைவில் முழங்கை தரையில் உரசும். முன் சக்கரம் வழுக்கி, ‘விழுந்தார்’ என்று எல்லோரும் நினைக்கும் நேரத்தில் முழங்கையாலும் முழங்காலாலும் தரையை உந்தி வண்டியை நிமிர்த்திவிடுவார். ஆனால் எத்தனை நாளைக்குத் தப்ப முடியும்?

ஒடிந்த கை

2020-ம் ஆண்டு ஜூலை 19-ந்தேதி. ஸ்பெயினில் ஹெரஸ் மைதானம். அந்த ஆண்டின் முதல் பந்தயம். ஆரம்பத்தில் ஒரு தடவை தடம் விட்டு வெளியே போய்ப் பின்தங்கிய மார்க்வெஸ், ஒவ்வொருவராகத் தாண்டி முன்னேறிக்கொண்டிருந்தார். அப்போது வண்டி தூக்கி எறிந்தது. வலது மேல்கை எலும்பு முறிந்தது.

இரண்டு நாளில் ஆபரேஷன் நடந்தது. எலும்பில் உலோகத் தகடு வைத்துத் திருகாணிகளால் இறுக்கினார்கள். அடுத்த பந்தயம் அதே மைதானத்தில், மறு வாரமே. கை முறிந்த ஆறாவது நாள், மார்க்வெஸ் வண்டி மேல் ஏறிவிட்டார்! ஓட்டிப் பார்த்தார். முடியவில்லை. இறங்கினார்.

அந்த அவசரத்துக்குக் கொடுத்த விலை பெரியது. சில நாட்களில் வீட்டில் இருந்தபோது கையில் வைத்த தகடு உடைந்தது. ஆகஸ்டில் இரண்டாவது ஆபரேஷன். எலும்பு கூடவில்லை. டிசம்பரில் மூன்றாவது ஆபரேஷன். சுமார் எட்டு மணி நேரம். இடுப்பு எலும்பில் இருந்து ஒரு துண்டை எடுத்துக் கையில் பொருத்தினார்கள். முறிந்த இடத்தில் கிருமி தொற்றியிருந்ததும் தெரியவந்தது. ‘அவசரப்பட்டது என் தவறு’ என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

ஒன்று போனால் ஒன்று

2021-ல் திரும்பி வந்தார். ஜூன் மாதம் ஜெர்மனியில் வென்றார். 581 நாட்களுக்குப் பிறகு கிடைத்த வெற்றி. அந்த ஆண்டு மேலும் இரண்டு வெற்றிகள். கஷ்டம் தீர்ந்தது என்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.

தீரவில்லை. அதே ஆண்டு பயிற்சியின்போது விழுந்ததில் பார்வை பாதிக்கப்பட்டது. ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தது. மணிக்கு 300 கிலோ மீட்டருக்கு மேல் பறக்கிறவருக்கு எதிரே வருவது ஒரு வளைவா, இரண்டா என்று தெரியாவிட்டால் என்ன கதி? சில மாதங்களில் குணமானது. 2022 மார்ச்சில் இந்தோனேசியாவில் விழுந்தார். இரட்டைப் பார்வை மீண்டும் வந்தது.

கையும் சரியாக இல்லை. முறிந்த எலும்பு திரும்பிய நிலையில் கூடியிருந்தது. 2022 ஜூனில் அமெரிக்காவில் மயோ மருத்துவமனையில் நான்காவது ஆபரேஷன். எலும்பை மறுபடி அறுத்து, சுமார் 30 டிகிரி திருப்பி வைத்துப் பொருத்தினார்கள்.

பழைய வீட்டை விட்டு

கை தேறியது. இப்போது வண்டி சரியில்லை. ஹோண்டா வண்டிகள் இத்தாலியின் டுகாட்டி வண்டிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிவிட்டன. 2023-ம் ஆண்டு முழுவதும் விழுவதும் எழுவதுமாகவே கழிந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் டில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் மோட்டோ ஜி.பி. பந்தயம் நடந்தது. இந்தியாவில் அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை நடந்த குறும்பந்தயத்தில் மார்க்வெஸ் மூன்றாவதாக வந்தார். ஞாயிற்றுக்கிழமை நல்ல இடத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் விழுந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, மறுபடி ஓட்டி, ஒன்பதாவதாக வந்து சேர்ந்தார். நொய்டா வெயிலில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும்.

அடுத்த சில நாட்களில் ஓர் அறிவிப்பு வந்தது. 11 ஆண்டு இருந்த ஹோண்டாவை விட்டு அவர் விலகுகிறார்! ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு பாக்கி இருந்தது. பெரிய கம்பெனி, பெரிய சம்பளம், கூடவே உழைத்த பழைய சகாக்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கிரெசினி என்ற சிறிய அணியில் சேர்ந்தார். அங்கே கொடுத்தது, ஓராண்டு பழைய டுகாட்டி வண்டி. தம்பி அலெக்ஸ் அந்த அணியில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

எதற்காக இந்த இறக்கம்? தான் இன்னும் வேகமாக ஓட்ட முடியுமா, முடியாதா? அந்த ஒரு கேள்விக்கு விடை தேடித்தான். விடை 2024 செப்டம்பர் 1-ந்தேதி ஸ்பெயினின் அரகோன் மைதானத்தில் கிடைத்தது. 1,043 நாட்களுக்குப் பிறகு முதல் வெற்றி! அந்த ஆண்டு மொத்தம் மூன்று வெற்றிகள். புள்ளிப் பட்டியலில் மூன்றாம் இடம். டுகாட்டி நிறுவனம் அவரைத் தன் சொந்த அணிக்கே அழைத்துக்கொண்டது.

ஏழு வாரம் ஏகபோகம்

2025-ம் ஆண்டுக் கணக்கைப் பார்க்கும் முன், புள்ளி முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. சனிக்கிழமை குறும்பந்தயத்தில் முதல்வருக்கு 12 புள்ளி. ஞாயிற்றுக்கிழமை முழுப் பந்தயத்தில் முதல்வருக்கு 25 புள்ளி. ஆக, ஒரு வாரத்தில் அதிகபட்சம் 37.

மார்க்வெஸ் தாய்லாந்திலும் அர்ஜென்டினாவிலும் இரண்டையும் வென்று தொடங்கினார். அமெரிக்காவில் முன்னணியில் போகும்போது விழுந்தார். ஹெரஸில் விழுந்து எழுந்து 12-வதாக வந்தார். அதே ஹெரஸில் அன்று வென்றவர் யார் தெரியுமா? தம்பி அலெக்ஸ்! உயர்ந்த பிரிவில் அவருக்கு அது முதல் வெற்றி.

அதன் பிறகு அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. அரகோன், முஜெல்லோ, அசென், சாக்சன்ரிங், பிர்னோ, ஆஸ்திரியா, ஹங்கேரி என்று ஏழு இடங்களில் தொடர்ந்து சனிக்கிழமையும் அவரே, ஞாயிற்றுக்கிழமையும் அவரே. ஏழு தடவை 37. மொத்தம் 259 புள்ளிகள். ஒரு புள்ளிகூடச் சிந்தவில்லை.

மொடேகி பந்தயம் முடிந்தபோது தம்பியைவிட அண்ணன் 201 புள்ளி முன்னால் இருந்தார். பாக்கி இருந்தவை ஐந்து பந்தய வாரங்கள். அவற்றில் அனைத்தையும் வென்றாலும் கிடைப்பது 185 தான். பட்டம் முடிவாகிவிட்டது! மொடேகி மைதானம் ஹோண்டா நிறுவனத்துக்குச் சொந்தமானது என்பது இன்னொரு விசேஷம். விட்டு வந்த வீட்டின் முற்றத்தில் நின்றுதான் அவர் வெற்றிக் கண்ணீர் வடித்தார்.

அந்த ஆண்டு அவர் பெற்றவை 11 முழுப் பந்தய வெற்றிகள், 14 குறும்பந்தய வெற்றிகள். உயர்ந்த பிரிவில் ஏழாவது பட்டம். எல்லாப் பிரிவுகளும் சேர்த்து ஒன்பதாவது பட்டம். இரண்டிலுமே இத்தாலியின் வாலன்டினோ ரோசியைச் சமன் செய்தார். புள்ளிப் பட்டியலில் இரண்டாம் இடம் தம்பி அலெக்சுக்கு. உயர்ந்த பிரிவில் உடன்பிறந்தவர்கள் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது அதுவே முதல் முறை.

கற்ற பாடம்

கதை அங்கே முடியவில்லை. பட்டம் வென்று ஒரே வாரம். அக்டோபர் 5-ந்தேதி இந்தோனேசியாவில் முதல் சுற்றிலேயே பின்னால் வந்த வண்டி மோதியது. மார்க்வெஸ் தூக்கி எறியப்பட்டார். மீண்டும் வலது பக்கம்தான். தோள் பகுதியில் எலும்பு முறிந்தது; தசைநார்களும் பாதிக்கப்பட்டன. ஒரு வாரத்தில் மாட்ரிட் நகரில் ஆபரேஷன்.

இன்னும் நான்கு பந்தயங்கள் பாக்கி இருந்தன. 2020-ல் இருந்த அதே இளைஞராக இருந்தால் கட்டுப்போட்ட தோளோடு மைதானத்துக்கு ஓடியிருப்பார். இந்தத் தடவை அவர் போகவில்லை. நான்கு பந்தயங்களையும் விட்டுக்கொடுத்தார். மலேசியாவில் தம்பி வென்றபோது அண்ணன் களத்தில் இல்லை.

ஆறே நாளில் வண்டி ஏறியவருக்கு ஆறு ஆண்டு பறிபோனது. அதை அவர் மறக்கவில்லை. ஒன்பதாவது பட்டத்தோடு அந்தப் பாடத்தையும் சேர்த்துக்கொண்டுதான், எலும்பு கூடும் வரை பொறுத்திருந்தார்.