உங்களுக்குத் தெரியுமா? மாதவிடாய் நிற்கும் பருவம்

கடைசி மாதவிடாய்க்குப் பிறகு 12 மாதங்கள் தொடர்ந்து உதிரப்போக்கு இல்லாவிட்டால்தான் அது மெனோபாஸ். அதுவரை சுழற்சி தாறுமாறாக வந்தாலும் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு, கவனம்! இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. மேலைநாடுகளில் 51 வாக்கில்.

மின்விசிறிக்கு அடியிலும் திடீரென உடம்பு தகிக்கிறதா? உடல் வெப்பத்தைச் சீராக வைப்பது மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ். இந்தப் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்ததும், இம்மியளவு வெப்பம் ஏறினாலே அது பதறிப்போய் வியர்வையைத் திறந்துவிடுகிறது. ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்லும் வீட்டார் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

மாதவிடாய் நின்றபின் முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம்; தீட்டிய அரிசியில் சுமார் 10தான். ஆனால் கூழ் மட்டும் போதாது. விறுவிறு நடை, படியேற்றம், கொஞ்சம் எடைதூக்கும் பயிற்சி எல்லாம் வேண்டும்.

ஓர்கா திமிங்கிலங்களுக்கும் மெனோபாஸ் உண்டு! அதன்பின் பல ஆண்டுகள் வாழும் பாட்டித் திமிங்கிலங்கள், மீன் அரிதான காலத்தில் குடும்பத்தை இரை தேட முன்னின்று அழைத்துச் செல்கின்றன.

மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் ‘சூட்டினால் வந்தது’ என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும். சிலருக்கு அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி. உடனே மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள்.