மனவுறுதி மட்டும் போதுமா?

புகைப்பழக்கத்தைக் கைவிட முயன்று தோற்றவரை ‘மனவுறுதி இல்லாதவர்’ என்று உலகம் எளிதில் தூற்றிவிடுகிறது. அத்தோல்விக்கு உள்ளம் மட்டுமே காரணமா? உடலுக்கும் அதில் பங்குண்டு என்கிறது அறிவியல்.

புகையிலையிலுள்ள நிகோடின், புகையை உள்ளிழுத்த சில நொடிகளிலேயே மூளையை அடைகிறது. அங்குள்ள ஏற்பிகளைத் தூண்டி, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைனைச் சுரக்கச் செய்கிறது. பழக்கம் தொடரத் தொடர அவ்வேற்பிகள் பெருகுகின்றன. நிகோடின் வருவது நின்றதும் எரிச்சல், மனக்கலக்கம், உறக்கமின்மை, கவனச்சிதறல், மிகுபசி ஆகியன தோன்றுகின்றன. இவற்றை ‘விலகல் அறிகுறிகள்’ என்பர். முதல் வாரத்தில் உச்சமடையும் இவை, பெரும்பாலும் நான்கு வாரங்களுக்குள் தணிந்துவிடும்.

இத்துன்பம் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. உடலில் கலந்த நிகோடினைக் கல்லீரலிலுள்ள நொதியொன்று சிதைக்கிறது. அதன் வேகம் மரபணுவுக்கேற்ப மாறுபடும். விரைந்து சிதைப்போர்க்கு அடுத்த சிகரெட்டின் வேட்கையும் விரைந்தே எழுகிறது. பொதுவாகப் பெண்களின் உடல் ஆண்களின் உடலைவிட விரைவாக நிகோடினைச் சிதைக்கிறது. கருவுற்ற காலத்தில் அவ்வேகம் மேலும் கூடுகிறது.

அமெரிக்க மருத்துவ அறிஞர் நீல் பெனோவிட்சும் அவருடன் பணியாற்றியோரும் பல்வேறு இனத்தவரிடையே இதனை ஆராய்ந்தனர். சீன வம்சாவளியினர் வெள்ளையரைவிட மெதுவாக நிகோடினைச் சிதைப்பதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. கறுப்பின அமெரிக்கர் ஒரு சிகரெட்டிலிருந்து வெள்ளையரைவிட மிகுதியான நிகோடினைப் பெறுவதை 1998இல் வெளியான ஆய்வு உணர்த்தியது. ஆகவே, குறைவாகப் புகைப்பவர் எளிதில் விட்டுவிடுவார் எனக் கருதுவது பிழை. சிகரெட்டுகளின் எண்ணிக்கை மட்டுமே அடிமைத்தனத்தின் அளவுகோல் ஆகாது. அதேபோல், ஓரினத்தார் அனைவரும் ஒரே தன்மையர் என எண்ணுவதும் தவறு.

மருத்துவமும் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ளத் தொடங்கியுள்ளது. விரைந்து சிதைப்போர்க்கு நிகோடின் ஒட்டுப்பட்டையைவிட வரெனிக்ளின் என்னும் மாத்திரை மிகுந்த பயன் தருவதை 2015இல் வெளியான ஆய்வொன்று எடுத்துரைத்தது.

மனவுறுதி வேண்டியதே, எனினும் அதற்குத் துணையும் வேண்டும். மருத்துவரின் அறிவுரையும் உற்றாரின் பொறுமையும் அத்துணையாகும். இந்திய அரசு 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் வழியாகவும் ஆலோசனை வழங்குகிறது. பலர் பலமுறை முயன்ற பின்னரே வெல்கின்றனர். எனவே, நம் இல்லத்தில் ஒருவர் புகைப்பதை விட முயன்று மீண்டும் தவறினால், அவரைப் பழித்தல் தீர்வாகாது. அடுத்த முயற்சிக்குத் தோள்கொடுத்தலே அறிவுடைமையாகும்.