வாயில்லாச் சீவனுக்கு விருந்தா, விஷமா?

தம்பலகாமத்து உழவர் இல்லங்களில் நாயும் குடும்பத்தில் ஒன்றாகவே வாழ்கின்றது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களுக்கு வீட்டாருடன் செல்வதும், இரவில் வளவைக் காப்பதும் அதன் கடமைகள். ஆகையால், தைப்பொங்கலன்று முற்றத்திற் பொங்கிய புக்கையில் ஒரு பிடி அதற்கும் கிடைத்துவிடுகின்றது. அன்புடன் அளிக்கும் அப்பிடியில் முந்திரிகை வற்றல் கலந்திருக்குமாயின், அதுவே அதன் உயிருக்கு உலை வைக்கவுங்கூடும்.

நாம் உண்பதெல்லாம் நாயின் உடலுக்கு ஒத்துவருவதில்லை. முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் சில நாய்களின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. அவற்றிலுள்ள தாத்தாரிக் அமிலமே இதற்குக் காரணமாகலாம் என 2021இல் அமெரிக்க மிருக வைத்தியர்கள் கருத்துரைத்தனர். அவ்வமிலம் நமது பழப்புளியிலும் மிகுதியாக உண்டு. புளியை உண்ட நாய்களும் அவ்வாறே நோயுற்றதை 2022இல் வெளியான ஆய்வுரையொன்று எடுத்துக்காட்டியது.

வெங்காயமும் உள்ளியும், பச்சையாயினும் சமைத்தவையாயினும், செங்குருதிக் கலங்களைச் சிதைக்கின்றன. உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 15 முதல் 30 கிராம் வரையான வெங்காயமே தீங்கு விளைக்கப் போதுமானது. சொக்கலேற்றிலுள்ள தியோபுரோமின் என்னும் பொருள் நாயின் உடலை விட்டு மெல்லவே நீங்குவதால், நெஞ்சுத் துடிப்பை மிகுவித்து வலிப்பையும் உண்டாக்கும்.

"நாய் சுகமாகத்தானே ஓடியாடுகிறது!" என்று வாளாவிருத்தல் பெருந்தவறு. வெங்காயத்தின் தீங்கு சில நாட்கள் கழித்தே சோர்வாகவும், முரசு வெளிறுதலாகவும், சிறுநீர் கருஞ்சிவப்பாதலாகவும் வெளிப்படும். முந்திரிகை உண்ட நாய் முதல்நாள் வாந்தியெடுக்கும். அடுத்த ஓரிரு நாட்களிற் சிறுநீரகம் பழுதுறும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? எஞ்சிய உணவை உடனே அப்புறப்படுத்துங்கள். நாய் எதனை, எவ்வளவு, எத்தனை மணிக்கு உண்டது, அதன் எடை என்ன என்பவற்றைக் குறித்துக்கொண்டு, நோய்க்குறி தோன்றுமுன்பே மிருக வைத்தியரை நாடுங்கள். உண்டு ஓரிரு மணி நேரத்துள் கொண்டுசென்றால், அவர் தக்க மருந்தினால் அதனை வாந்தியெடுக்கச் செய்து, நஞ்சு உடலிற் சேராது தடுக்கக்கூடும்.

உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தியெடுப்பிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனை அடியோடு கைவிடுதல் வேண்டும். குருதியில் உப்பு மிகுந்தால் மூளை பாதிக்கப்படும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் எதனை ஊற்றினாலும், அது சுவாசப்பையுட் புகுந்துவிடலாம். பாலும் இந்நஞ்சுகளுக்கு மாற்று மருந்தன்று.

பொங்கற் பானையில் வற்றல் இடுமுன்னரே நாய்க்கென ஒரு பிடி சோற்றை எடுத்து வைத்தல் எத்துணை எளிது! குழம்பு ஊற்றாத சோற்றுடன் முள் நீக்கி அவித்த மீனைச் சேர்த்துக் கொடுத்தால், அதுவும் மகிழ்ந்து உண்ணும். மாணவச் செல்வங்களே, இப்பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். நம் வாயிலைக் காக்கும் சீவனின் வயிற்றைக் காப்பது நம் கடனன்றோ?