ஆளை இழுக்கும் பட்டம்

திருமலைராயன்பட்டினம் மண்மாரி பெய்து அழிந்த ஊர் என்று ஒரு கதை உண்டு. 15ஆம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட திருமலைராயனின் அவையில் அதிமதுரகவியோடு போட்டி நடந்தது. தனக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்று கொதித்துப்போன கவி காளமேகம், ஊரையே மண் மூடும்படி வசை பாடிவிட்டுப் போனார் என்பார்கள். காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவில் உள்ள இந்தக் கடற்கரையில் ஆடி மாதத்தில் ஒரு நாள் நின்று பார்த்தால், அந்தக் கதை எங்கே முளைத்தது என்று புரிந்துவிடும். காற்று மணலை வாரிக்கொண்டு ஓடுகிறது. கணுக்காலில் ஊசி ஊசியாகக் குத்துகிறது.

அப்படி ஒரு காலையில்தான் தோளில் ஒரு பையோடு, இந்த ஊரின் மீனவர் குடியிருப்பான பட்டினச்சேரியின் கடற்கரைக்குப் போனேன். பைக்குள் இரண்டு சதுர மீட்டர் துணிப் பட்டம் ஒன்று. குச்சி கிடையாது, வால் கிடையாது. இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே வரிசையாக அறைகள், முன்பக்கம் திறந்த வாய்கள். அவற்றின் வழியே காற்று புகுந்து நிரம்பினால் தலையணை போல உப்பி விமான இறக்கையின் வடிவத்துக்கு வரும். பாராசூட் பார்த்தவர்களுக்கு இது பழகிய உருவம்தான். டொமினா ஜால்பர்ட் என்ற அமெரிக்கர் 1964இல் உருவாக்கிய ‘பாராஃபாயில்’ இதற்கு மூலம்.

வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நான் நூலைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். பட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நெற்றிக்கு மேல் கையை வைத்து வானத்தைப் பார்த்தார்.

“தம்பி, இது கச்சான். கரையிலேருந்து கடலுக்குப் போவுது. இத நம்பி எதையும் ஏத்தாதீங்க. உங்களையும் சேத்துக் கொண்டு போயிடும். மத்தியானத்துக்கு மேல காத்து திரும்பும், அப்ப வாங்க.”

இந்த விளையாட்டின் முதல் பாடத்தை, அதைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளிகளிலும் முதல் பாடம் இதுதான்: கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்றில் பட்டத்தைத் தொடாதே. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு திசைக்கும் பெயர் வைத்துப் பழகிய கரை இது. கிழக்கே கடலைப் பார்த்துக் கிடக்கும் இந்த மணலில் மேற்கிலிருந்து வரும் கச்சான் பகை. கடலிலிருந்து நேரே வரும் கொண்டல் கரையின் பக்கம் தள்ளும். அதில் கவனம் இருந்தால் போதும். கரையை ஒட்டி நீளவாக்கில் வீசும் சோழகமும் வாடையும்தான் இதற்கு வாய்ப்பானவை. வெயில் காலத்தில் பெரும்பாலான நாட்கள், காலையில் கச்சான் அடித்தாலும் பிற்பகலில் நிலம் சூடேறியதும் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று கிளம்பிவிடும். அன்றும் மூன்று மணிக்கு மேல் திரும்பியது.

நாம் சின்ன வயதில் விட்ட பட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். ஒற்றை நூல் பட்டம் காற்று வைத்த இடத்தில் நிற்கும். சூத்திரம் சரியாகப் போட்டிருந்தால் நேராக ஏறும், இல்லாவிட்டால் கரணம் அடிக்கும். யாழ்ப்பாணத்தில் இதே சூத்திரத்தை முச்சை என்பார்கள். இழுவைப் பட்டத்துக்கு இரண்டு நூல், அல்லது நான்கு. அதனால் வானத்தில் அது எங்கே இருக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்கிறோம். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதையும் அதன் மூலமாகவே முடிவு செய்கிறோம். தரையில் மூன்று சக்கர வண்டியையும், தண்ணீரில் பலகையையும், பனியில் சறுக்குக் கட்டையையும் இழுப்பது இந்தப் பட்டம்தான்.

இழுவை எங்கிருந்து வருகிறது? காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். இடது விரல்நுனியிலிருந்து தலைக்கு மேலாக வலது விரல்நுனி வரை ஒரு வளைவை மனசுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கவிழ்த்த சட்டியைப் பாதியாக வெட்டி உங்கள் முன்னால் வைத்தது போல ஒரு வெளி கிடைக்கும். பட்டம் அந்த வெளிக்குள்தான் பறக்க முடியும். இதைக் ‘காற்றின் ஜன்னல்’ என்கிறார்கள். கடிகார முள் போலக் கணக்கு வைப்பது வழக்கம். தலைக்கு நேர் மேலே 12 மணி, இடது ஓரம் 9 மணி, வலது ஓரம் 3 மணி. இந்த ஓரங்களில் பட்டம் சாதுவாக நிற்கும். உங்கள் முகத்துக்கு நேரே, ஜன்னலின் நடுவில் இறக்கிவிட்டால் அதே பட்டம் முரட்டுக் காளை.

நடுவில் மட்டும் அப்படி ஒரு மூர்க்கம் ஏன்? அங்கே பட்டம் வேகமாக ஓடுகிறது. ஓடும் பட்டம் தான் உண்டாக்கும் காற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் என்னுடைய இரண்டு சதுர மீட்டர் பட்டம் அசையாமல் நின்றால் இழுவை ஏறக்குறைய மூன்று கிலோ எடைதான். ஒரு குழந்தை பிடித்துக்கொள்ளலாம். அதே காற்றில் காற்றைவிட மூன்று மடங்கு வேகத்தில் அது குறுக்கே பாய்ந்தால் 25 கிலோவுக்கு மேல் இழுக்கும். பட்டமும் காற்றும் மாறவில்லை, பட்டம் போகும் பாதை மட்டும்தான் மாறியது. பெரிய பட்டம் என்றால் ஆபத்து, சின்னப் பட்டம் என்றால் பயமில்லை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

திருப்புவது எளிது. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது கைவந்தது: எந்தப் பக்கக் கயிற்றை இழுக்கிறோமோ அந்தப் பக்கம் திரும்பும். வலது கையை இழுத்தால் வலம், இடது கையை இழுத்தால் இடம், இரண்டும் சமமாக இருந்தால் நேர். நான்கு நூல் பட்டத்தில் கீழே உள்ள இரண்டும் பிரேக். அவற்றைச் சேர்த்து இழுத்தால் பட்டத்தின் பின்விளிம்பு மடங்கி, வேகம் செத்து, பின்பக்கமாகவே தரைக்கு இறங்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு: பதற்றத்தில் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி முழு வலுவோடு இழுப்பார்கள். பட்டம் சுருண்டு சுழன்று, தரையைப் பார்த்துப் பாயும். கைகள் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும். நான்கு விரற்கடை அசைவு போதும். பட்டத்தை 12 மணிக்கு ஏற்றி அங்கேயே நிறுத்திப் பழகிய பிறகு, படுக்க வைத்த எட்டு போல இடமும் வலமும் மாற்றி மாற்றி ஓட்டிப் பழகலாம். நூல் ஒன்றிரண்டு முறுக்கு விழுந்தாலும் வழுக்கிக்கொண்டு வேலை செய்யும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் முறுக்குப் பிரிந்துவிடும்.

அன்று பிற்பகல் நான் தவறு செய்தது வேறு இடத்தில். கால் மணி நேரம் தலைக்கு மேல் நிறுத்திப் பார்த்ததும் துணிச்சல் வந்துவிட்டது. நடுவில் இறக்கினேன். நான்கைந்து எட்டு ஓடினேன், பிறகு மணலில் மார்பு தேய ஆறேழு அடி இழுபட்டேன். கைப்பிடியை விட்டிருந்தால் அந்த நொடியே எல்லாம் முடிந்திருக்கும். மணிக்கட்டில் கட்டிய வார் பிரேக் நூலோடு இணைந்திருக்கிறது. கைப்பிடியை விட்டதும் அது மட்டும் இழுபட்டுப் பட்டம் துணியாக விழுந்துவிடும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் கை விடவில்லை. விழும்போது எதையாவது இறுக்கிப் பிடிப்பது உடம்பின் குணம். அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் பட்டம் ஏற்றுவதற்கு முன்பே ‘விடு’ என்றால் விடும் பழக்கத்தைப் பத்துப் பதினைந்து தடவை செய்ய வைக்கிறார்கள். கைக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டியது விடுவதைத்தான். பிடிப்பதை அது தானாகவே கற்றுக்கொள்ளும்.

இதற்கு எல்லோரும் பார்த்த சாட்சி ஒன்று தமிழர்களிடமே இருக்கிறது. 2021 டிசம்பரில் யாழ்ப்பாணம் பருத்தித்துறைப் பகுதியில் சில இளைஞர்கள் தடித்த கயிற்றில் பெரிய பட்டம் ஒன்றை ஏற்றினார்கள். கயிறு இறுகியதும் மற்றவர்கள் விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த ஒருவர் அப்படியே ஆகாயத்துக்குப் போனார். கீழே நின்றவர்கள் விடச்சொல்லிக் கத்தும் அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. பட்டம் தாழ்ந்ததும் விழுந்து உயிர் தப்பினார். கால் தரையில் இருக்கும்போது விட்டால் ஒன்றுமில்லை. ஒரு ஆள் உயரம் போன பிறகு விடுவதும் ஆபத்து, பிடிப்பதும் ஆபத்து.

பருத்தித்துறையும் வல்வெட்டித்துறையும் உள்ள அந்த வடமராட்சிக் கரையின் பட்டக் கலையைப் பற்றி நம் பக்கத்தில் நிறையப் பேருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்தால் காகிதமும் மூங்கிலும் இப்படியெல்லாம் ஆகுமா என்று தோன்றும். கொக்கு, வௌவால், பிராந்து, எட்டுமூலை என்று வகைகள். பட்டத்தின் மேல் வில் போல வளைத்து நார் கட்டி ‘விண்’ பூட்டுவார்கள். இரவெல்லாம் ஊருக்கு மேலே அது கூவிக்கொண்டிருக்கும். வாடைக்காற்றை நம்பி வளர்ந்த கலை. இதற்கு நேர் எதிரே, பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம், அதே வாடை நம்மையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

பட்டத்தை வேலைக்கு வைக்கும் ஆசை பழையது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போக்காக், பட்டம் இழுக்கும் வண்டிக்கு 1826இல் காப்புரிமை வாங்கினார். குதிரைக் கணக்கில்தான் சுங்கம் வசூலித்தார்கள் என்பதால் அவருடைய வண்டி சுங்கம் கட்டாமலே போனது என்பார்கள். சாமுவேல் கோடி 1903இல் பட்டம் கட்டிய படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். காற்றடைத்த விளிம்புள்ள, தண்ணீரில் விழுந்தாலும் மறுபடி ஏறும் பட்டத்துக்கு பிரான்ஸின் லெகெய்னூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமை கோரினார்கள். கைட் சர்ஃபிங் அதிலிருந்துதான் வளர்ந்தது. நியூசிலாந்தின் பீட்டர் லின் 1990 வாக்கில் மூன்று சக்கர வண்டியைக் கொண்டு வந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில் கைட் சர்ஃபிங் பதக்க விளையாட்டாகவும் ஆகிவிட்டது. எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது 2008இல் நடந்தது. ‘பெலுகா ஸ்கைசெயில்ஸ்’ என்ற சரக்குக் கப்பல், எரிபொருளை மிச்சப்படுத்த 160 சதுர மீட்டர் பட்டத்தை முன்னால் பறக்கவிட்டு ஜெர்மனியிலிருந்து வெனிசுவேலாவுக்குப் போனது. எங்கள் ஊருக்குத் தெற்கே கீழவாஞ்சூரில் காரைக்கால் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கப்பல் ஞாபகம் வருகிறது.

தமிழ்நாட்டில் முறையாகக் கற்க ராமேஸ்வரம் இருக்கிறது. தீவின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் சோழகம் அடித்தாலும் ஏதாவது ஒரு பக்கத்தில் தண்ணீர் தட்டையாகக் கிடைக்கும். ‘குவெஸ்ட்’ என்ற சாகச விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் அங்கே கைட் சர்ஃபிங் கற்றுத் தருகிறது. இலங்கைக்குப் போகிறவர்களுக்குக் கல்பிட்டி களப்பு. தண்ணீர்ப் பட்டங்களில் கைப்பிடிக்குப் பதில் ‘பார்’ என்கிற தண்டு. இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டு அதைத் தள்ளினால் இழுவை குறையும், இழுத்தால் கூடும். ஆபத்தில் முழுவதும் கழற்றிவிட ஒரு விசை. நீந்தத் தெரியாதவர் இதைத் தொடவே கூடாது. வீடியோ பார்த்துத் தனியாகப் பழகக்கூடிய வித்தையும் இல்லை.

மணலில் சின்னப் பட்டம் ஓட்டிப் பார்ப்பது வேறு. ஒன்றரை முதல் மூன்று சதுர மீட்டர் பட்டம், மணிக்கு 12 முதல் 25 கிலோமீட்டர் காற்று, கூடவே ஒரு ஆள், தலையில் ஹெல்மெட். காற்றடிக்கும் பக்கம் உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும். பட்டம் போகும் பக்கத்தில் நூலின் நீளத்தைப் போல இரண்டு பங்காவது காலி இடம் வேண்டும். மின்கம்பி, சாலை, மரம் பக்கத்தில் கூடாது. இடி கேட்டால் உடனே இறக்கிவிட வேண்டும். இதில் மாஞ்சா கிடையாது. கண்ணாடித்தூள் பூசிய நைலான் நூலை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுக்கத் தடை செய்தது. சென்னையில் எத்தனை பிள்ளைகளின் கழுத்தை அது அறுத்தது என்று நமக்குத் தெரியும். ஆனால் மாஞ்சா இல்லாத இந்த மெல்லிய நூலும், விறைத்து நிற்கும்போது விரலைக் கீறிவிடும். ஓடுகிற நூலைக் கையால் பிடிக்காதீர்கள். 20 மீட்டர் நூல் மணலில் கிடக்கும்போது யாரும் குறுக்கே நடக்க விடாதீர்கள்.

இந்தக் கரை சும்மா கிடக்கும் மைதானமும் இல்லை. படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வரும்போது மீனவ மக்கள் “மாப்பிள்ளை” என்று வரவேற்கும் இடம். பட்டம் விட வருகிறவர்கள் பட்டினச்சேரி பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, படகு போய் வரும் நேரத்தை விட்டுவிட்டுத்தான் நூலைப் பிரிக்க வேண்டும். மீனவப் பிள்ளைகளுக்கு ராமேஸ்வரத்தில் முறையான பயிற்சி கிடைக்கப் புதுச்சேரி அரசு வழி செய்தால், இந்தக் கரையில் இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுக்க அவர்களைவிடத் தகுந்தவர்கள் கிடைக்க மாட்டார்கள். காற்றைப் பற்றிய பாதிப் படிப்பை அவர்கள் ஏற்கெனவே முடித்திருக்கிறார்கள்.

உங்களுக்கு ஆசை வந்திருந்தால், பட்டம் வாங்கும் முன் ஒரு வாரம் வெறுங்கையோடு கடற்கரைக்குப் போங்கள். ஒரு பிடி உலர்ந்த மணலை எடுத்து விரலிடுக்கில் விட்டு, எந்தப் பக்கம் போகிறது என்று காலையிலும் மாலையிலும் பாருங்கள். வலை பின்னுகிற பெரியவர் யாராவது இருந்தால், இது என்ன காற்று என்று கேளுங்கள்.